"அந்த டிஜிட்டலையே கொண்டு வாங்கண்ணன்!"

போன சனிக்கிழமை கல்முனைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. முதல் பாட்டு தொடங்கிவிட்டது. நான் என் டிஜிட்டல் ட்ரம்ஸை, அதாவது கரண்டில் ஓடுகிற இலத்திரனியல் ட்ரம்ஸை, முழுப் பலத்தோடு அடிக்கிறேன். எனக்குக் கேட்பதோ 'பொத், பொத், டொக், டொக்'. வலையிலும் றப்பரிலும் தடி படுகிற சத்தம், ஈரச் சாரத்தைக் கல்லில் போட்டு அடிக்கிற மாதிரி. என் ட்ரம்ஸின் அசல் சத்தம் முன்பக்கத்துப் பெரிய ஸ்பீக்கரில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தின் பக்கம் போகிறது. மேடையில் இருப்பவர் தன் சத்தத்தைத் தானே கேட்க வைக்கிற மொனிட்டர் ஸ்பீக்கர் மொத்தமே ஒன்று. அது பாடகருக்கு. கீபோர்ட்காரர் சொந்தமாக ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார். எனக்கு மாமாங்கேஸ்வரர்தான் துணை.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தட்டினால் சத்தம் வரும் என்ற ஒரே நம்பிக்கையில் வந்தவன். அதையும் பறித்துவிட்டார்கள்.

ஏன் அந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனாய் என்று கேட்பீர்கள். நானா போனேன்? ஏற்பாடு செய்தவர் இரண்டு தரம் போன் எடுத்துச் சொன்னார்: "அண்ணன், அந்தப் பெரிய ட்ரம்ஸ் வேணாம். அது ஹோலுக்குள்ள இரையும், பெரிய ஆக்கள் எல்லாம் வாறாங்க, பக்கத்தில இருந்து கதைக்க ஏலாது. அந்த டிஜிட்டலையே கொண்டு வாங்க." அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நம்முடைய மண்டபங்கள் எல்லாம் தரைக்கு டைல்ஸ், சுவருக்கு வெறும் சீமெந்து, யன்னலுக்கு ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. கிராஷ் சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டை ஒரு தட்டுத் தட்டினால் அது புரியாணி பரிமாறி முடியும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். சரி, கொண்டுபோனேன். ஆனால் டிஜிட்டல் என்று கேட்டவருக்கு, அதற்கு எதிரே இன்னொரு ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்று தெரியாதே! சேவலை வேண்டாம் என்றுவிட்டு அலாரம் மணிக்கூடு வாங்கியவர், அதற்கு பெற்றரி போட மாட்டேன் என்கிறார்.

மொனிட்டர் இல்லாமல் அடிப்பதில் என்ன கஷ்டம் என்று தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு. சத்தம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். மண்டபத்தின் பின்சுவர் 20 மீட்டர் தள்ளி என்றால், போய்ப் பட்டுத் திரும்ப 40 மீட்டர். ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் அது ஒரு தட்டின் கால்வாசி. நான் இப்போது அடித்தது எனக்கு அவ்வளவு பிந்தித்தான் தெளிவாக வந்து சேரும். அதைக் கேட்டு அடித்தால் பாட்டு இழுபடும், கேட்காமல் அடித்தால் குருட்டடி. அன்று இரண்டாவது பாட்டில் இழுபட்டது. பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், பந்தியில் கடைசி வரிசையில் சோறு முடிந்துபோனவன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

இதைவிட எரிச்சல் சவுண்ட்காரத் தம்பி. நல்ல பிள்ளைதான். ஆனால் ஒரு கையில் போன், மறு கை மிக்சரில். யாரோ ஒரு பெரியவர் போய் ஏதோ சொன்னார். தம்பியின் விரல் ஒரு அங்குலம் கீழே இறங்கியது. அவ்வளவுதான், நான் மேடையிலிருந்து காணாமல் போய்விட்டேன். வியர்வை வழிய அடித்துக்கொண்டிருக்கிறேன், சனத்துக்கு அது கேட்பதே இல்லை.

எனக்கு அடக்கி அடிக்கத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? பாட்டுக்காரர் மெல்லக் குரலை இறக்கினால் மணிக்கட்டு தானாக இறங்கும். முன்னால் இருக்கிற ஸ்நேர் ட்ரம்மின் மேல் ஒரு துண்டைப் போட்டால் பாதிச் சத்தம் குறையும். பிரஷ்ஷால் வருடினால் பக்கத்து மேசையில் இருப்பவர் வட்டிலப்பம் கேட்பது எனக்கே கேட்கும். அந்தக் கூட்டல் குறைத்தல்தான் ட்ரம்மரின் வேலையில் பாதி. அந்தப் பாதியைக் கொண்டுபோய் போன் கதைக்கிற ஒருவரின் சுண்டுவிரலுக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதிக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

"அது பழைய சாமான் அண்ணன், புதுசு எல்லாம் வேற மாதிரி" என்று சின்னப் பெடியன்கள் வருவார்கள். தம்பிமார்களே, இந்தக் கதையை நான் நிறையக் கேட்டுவிட்டேன். 1981 இல் பிரித்தானியாவில் சிமன்ஸ் கம்பனி அறுகோணப் பேட் விட்டபோதும் வேறு மாதிரி என்றுதான் சொன்னார்கள். பலகை மாதிரி இறுகிய பிளாஸ்ரிக், அடித்தவர்கள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள். 1997 இல் ரோலண்ட் கம்பனி வலைத் தோலோடு வி-ட்ரம்ஸ் என்ற இலத்திரனியல் செட்டைக் கொண்டுவந்தது. கைக்கு நோவில்லை, அதை மனதார ஒத்துக்கொள்கிறேன். 2016 இல் அவர்களே டிஜிட்டல் ஸ்நேர் ஒன்று விட்டார்கள், தோலில் கையை வைத்தால்கூட அதற்குத் தெரியும். அருமையான சாமான். ஆனால் அதன் விலைக்கு இங்கே ஒரு நல்ல பழைய மோட்டார் சைக்கிள் எடுத்து இரண்டு ஊருக்கு ட்ரம்ஸ் வகுப்புக்குப் போய் வரலாம். நமக்குக் கிடைப்பது அதன் மூன்றாம் தலைமுறைத் தம்பி. காலால் மூடித் திறக்கிற ஹை-ஹட் சிம்பல் மூடி இருக்கும் அல்லது திறந்திருக்கும், பாதி திறந்து கரகரக்கிற அந்த அழகான இடம் கிடையவே கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது என்று என் மாமாவுக்கு விளக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். மாமா வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். வீட்டுக்கு வந்தவர் என் வலை ஸ்நேரின் முன்னால் குந்தினார். தடியைத் தொடவில்லை. நடுவிரலால் மெதுவாகத் தட்டினார். ஒன்றும் இல்லை. உள்ளங்கையால் அழுத்தி மற்றக் கையால் தட்டினார், மத்தளத்தில் என்றால் அப்போது சுருதி ஏறும். இங்கே ஒன்றும் இல்லை. கோபத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். ஸ்பீக்கரில் அமெரிக்காக்காரனின் ஸ்நேர் ஒன்று 'டாஷ்' என்றது. மாமா பயந்தே போனார்.

"இதுக்கு உசிர் எங்க மருமகன் கிடக்கு?"

சத்தத்தை எடுத்து விடுகிற மொடியூல் பெட்டியைக் காட்டினேன்.

"அப்ப இது?" என்று வலையில் கையை வைத்தார்.

"அது சுவிட்ச் மாமா."

கல்லடிப் பாலத்தடியில் நிலா நாளில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள் இல்லையா, வலைக்குக் கீழே இருக்கிற பீஸோ என்ற வில்லையும் அந்த வேலையைத்தான் செய்கிறது, அதிர்வைப் பிடிக்கிறது. ஆனால் துடுப்பு பிடித்ததை அப்படியே காதுக்குத் தரும். மொடியூல் அப்படித் தராது. அதிர்வை எண்ணாக்கி, இது 84, இது 112 என்று முடிவெடுத்து, எங்கேயோ ஒரு ஸ்டூடியோவில் எவரோ அடித்து வைத்த சத்தத்தை எடுத்து விடும். இலத்திரனியல் வாத்தியங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1983 இல் வந்த மிடி முறையில் ஒரு தட்டின் பலத்துக்கு 1 முதல் 127 வரைதான் படி. என் கையில் 127 படிதானா என்று மேசையடித்துச் சண்டை பிடிக்க மாட்டேன், கேட்கிறவருக்கு அது போதும். பிரச்சினை கீழ்ப் படியில். பெரிய தட்டுகளுக்கு நடுவே ஸ்நேரில் உரசிக்கொண்டு போகிற குட்டித் தட்டுகள் இருக்கின்றனவே, தாளத்தை அசைய வைப்பதே அவைதான். உணர்திறனைக் குறைத்தால் அவை செத்துப்போகும். கூட்டினால் டொம் ட்ரம்மை அடிக்கப் பக்கத்துக் கிராஷும் சேர்ந்து அலறும், எல்லாம் ஒரே கம்பிச் சட்டத்தில்தானே கட்டியிருக்கிறது. அன்று பைலாவுக்குச் சனம் மேடையில் ஏறித் துள்ளியபோது பலகை அதிர்ந்து, காலால் அடிக்கிற என் கிக் ட்ரம் தானாக அடித்தது. காலைத் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதுதான் இன்னும் கேவலம்.

வீட்டில் பழகவாவது நல்லது, சத்தமே இல்லை என்று கடைக்காரர் சொன்னார். நான் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு அடித்தேன். காற்றில் சத்தம் இல்லை, உண்மை. ஆனால் கிக் பெடல் தரையில் விடுகிற இடி கொங்கிறீற்றில் இறங்கிக் கீழ் வீட்டுக்குப் போகிறது. அடுத்த நாள் காலை வீட்டுக்கார அக்கா கேற்றடியில் நின்று கேட்டார்: "என்ன தம்பி, ராவுல மாவு இடிக்கிறீங்களா? பகல்ல இடிச்சா நானும் கொஞ்சம் அரிசி தருவன்." இப்போது கிக்குக்குக் கீழே பழைய மெத்தை, அதற்குக் கீழே இரண்டு சைக்கிள் டியூப். மூன்றரை இலட்சம் ரூபாய்ச் சாமான் குப்பை மேட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறது.

பழுதானால்? ஹை-ஹட் பெடல் எட்டாம் மாதமே வேலையை விட்டது. உத்தரவாதம் இருக்கிறது, கொழும்புக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். 300 கிலோமீட்டருக்கு மேல், இரவு பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு போனேன். உப்புக் காற்றில் ஜாக் கறள் பிடித்திருக்கிறது, அது உத்தரவாதத்தில் அடங்காது என்று ஒரு பொடியன் சிரித்துக்கொண்டே சொன்னான். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊருக்கு விற்கும்போது உப்பு ஞாபகம் வரவில்லையா? என் பழைய அக்கூஸ்டிக் ட்ரம்ஸில் தோல் கிழிந்தால் நானே மாற்றுவேன், ஆணி கழன்றால் சைக்கிள் கடையில் ஆணி கிடைக்கும். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது இந்த மாதிரிச் சாமான் உடுப்புக் காயப்போடத்தான் உதவியிருக்கும். கோயில் சடங்கில் உடுக்கும் பறையும் எந்த பிளக்கையும் தேடவில்லை.

ஒக்டபேட் என்ற மின் தட்டுப் பெட்டியை நான் ஒருநாளும் திட்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அது தன்னை ட்ரம்ஸ் என்று சொல்லிக்கொள்வதில்லை. தபேலா, டோலக், கைதட்டு, கண்ணாடி உடைகிற சத்தம் எல்லாவற்றையும் எட்டுச் சதுரத்தில் வைத்துக்கொண்டு தன் பாட்டில் இருக்கும். படிக்கிற பிள்ளைக்கும் வீட்டில் பாட்டுப் பதிகிறவருக்கும் இந்த இலத்திரனியல் செட் நல்லதுதான். குளிரூட்டிய அறையில், தடித்த கம்பளத்தின் மேல், காதில் நல்ல ஹெட்போனோடு அடிக்கிறவருக்கு அது சொர்க்கம். அந்த ஆளுக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். டைல்ஸ் மண்டபத்தில் ஒரே ஒரு மொனிட்டரோடு பைலா அடிக்கிற என்னை நினைத்து யாரும் செய்யவில்லை.

நேற்று மத்தியானம் அடுத்த ஆள் போன் எடுத்தார். களுவாஞ்சிக்குடியில் பூப்புனித நீராட்டு விழா, வருகிற ஞாயிறு. அதே பாட்டு: "அண்ணன், டிஜிட்டலையே கொண்டு வாங்க."

"கொண்டு வாறன் தம்பி. ஆனா எனக்கெண்டு ஒரு மொனிட்டர் வேணும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"மொனிட்டரா அண்ணன்? வீட்டில பழைய கொம்பியூட்டர்ர ஒண்டு கிடக்கு. அது காணுமா?"