மூலையில் நின்ற ஆறு பேர்

சென்ற வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் ஒரு பட்டியலைப் போட்டார். 2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் இரண்டு கட்சிக்கும் வேட்பாளர் யார் என்பதற்கான பந்தயச் சந்தை விலை அது. ஜனநாயகக் கட்சிப் பக்கம் கேவின் நியூசம், பீட் புட்டிஜெஜ், ஒகாசியோ-கோர்ட்டெஸ், ஷபிரோ. குடியரசுக் கட்சிப் பக்கம் ஜே.டி.வான்ஸ், மார்கோ ரூபியோ. பத்தே நிமிடத்தில் நாற்பது செய்திகள் வந்துவிட்டன. இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். 2026 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு நடக்கவேண்டிய இடைக்காலத் தேர்தலே இன்னும் நடக்கவில்லை. பெண் பார்க்கவே போகவில்லை, அதற்குள் பேரனுக்கு எந்தக் கோயிலில் காது குத்துவது என்று சண்டை.

நானும் இதில் யோக்கியன் இல்லை. 2005இல் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகருக்கு வேலைக்கு வந்தேன். காப்பீட்டு நிறுவனங்கள் நிறைந்த ஊர். மென்பொருள் எழுத வந்த நம்மவர்களும் நிறைய. ஒருநாள் மதிய உணவு மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து 2008 அதிபர் தேர்தலுக்கு ஜோசியம் சொன்னோம். கைதுடைக்கும் காகிதத்தில் ஆளுக்கு இரண்டு பெயர் எழுதினோம். நான்கு பேருமே ஜனநாயகக் கட்சிக்கு ஹிலாரி கிளிண்டன் என்று எழுதியிருந்தோம். குடியரசுக் கட்சிக்கு மூவர் ரூடி ஜூலியானி என்றார்கள், ஒருவர் ஜான் மெக்கெய்ன் என்றார். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தோம். பராக் ஒபாமாவின் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜனநாயகக் கட்சியின் பாஸ்டன் மாநாட்டில் அவர் பேசியதை நாங்கள் நால்வரும் தொலைக்காட்சியில் பார்த்து வியந்தவர்கள்தான்.

ஜூலியானியின் கதை நினைவிருக்கிறதா? 2001 தாக்குதலின்போது நியூயார்க் மேயர். 2007 முழுக்க நாடளாவிய கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலும் அவர்தான் முதலிடம். முதலில் வாக்களிக்கும் சிறு மாநிலங்களை விட்டுப்பிடிக்கலாம், ஃபுளோரிடாவில் அள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார். 2008 ஜனவரி 29இல் ஃபுளோரிடாவில் மூன்றாவதாக வந்தார். மறுநாள் விலகி மெக்கெய்னுக்கு ஆதரவு சொன்னார். அந்த மெக்கெய்னோ, அதற்கு ஆறு மாதம் முன்பு கஜானா காலியாகி, தலைமை ஆட்களையெல்லாம் இழந்து, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விமானம் ஏறிக்கொண்டிருந்தவர். 'முடிந்தது' என்று எல்லா நாளேடுகளும் எழுதிவிட்டன.

இப்படிக் கணிப்புகள் பொய்ப்பதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. அதற்காக இதை எழுதவில்லை. ஏன் பொய்க்கின்றன என்பதில்தான் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன்னால் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு 'அடுத்த வேட்பாளராக யார் வரவேண்டும்' என்று கேட்டால், காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும் பெயரைச் சொல்வார். வேறு எதைச் சொல்ல முடியும்? நாம் யார் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அந்தத் தேர்தல் வரும்போது மக்கள் எதன்மேல் கோபமாக இருப்பார்கள் என்பதுதான் வேட்பாளரைத் தீர்மானிக்கிறது. அந்தக் கோபம் எதுவென்று யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. 1974 டிசம்பரில் ஜார்ஜியா ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் போட்டியிடுவதாக அறிவித்தபோது 'எந்த ஜிம்மி?' என்றார்கள். அதிபர் நிக்சனைப் பதவியைவிட்டு இறக்கிய வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு வாஷிங்டன் வாடையே படாத ஒருவரை நாடு தேடும் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒபாமா 2002இலேயே ஈராக் போரை எதிர்த்துச் சிகாகோவில் பேசியவர். ஹிலாரி அதே மாதம் செனட்டில் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். 2005இல் எங்கள் மேசையில் இருந்த ஒருவருக்கும் இது பெரிதாகப் படவில்லை. 2008இல் அதுதான் பெரிதாக இருந்தது.

இதற்கு நேர்மாறான கதை 1991. எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத கதை. வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991 மார்ச்சில் அதிபர் மூத்த புஷ்ஷின் செயல்பாட்டுக்கு காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 89 சதவீதம் பேர் ஒப்புதல் சொன்னார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தல் முடிந்துபோன விஷயம் என்று பத்திரிகைகள் எழுதின. ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் அதை நம்பின. கெப்ஹார்ட் வரவில்லை, பில் பிராட்லி வரவில்லை, லாய்ட் பென்ட்சன் வரவில்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை இவ்வளவு சிரத்தையாகக் கடைப்பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை. எல்லோரும் எதிர்பார்த்தது நியூயார்க் ஆளுநர் மேரியோ கூமோவை. அவர் முடிவெடுக்கவே மாட்டேன் என்றார். டிசம்பர் 20, ஆரம்பத்திலேயே வாக்களிக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் பெயர் பதிவு செய்யக் கடைசி நாள். நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியின் விமான நிலையத்தில் அவருக்காக விமானம் தயாராக நிற்கிறது. பதிவுக் கட்டணம் வெறும் ஆயிரம் டாலர். நிருபர்கள் காத்திருக்கிறார்கள். பிற்பகலில் கூமோ வெளியே வந்து, மாநில பட்ஜெட் இன்னும் முடியவில்லை, போட்டியிடவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலியாகக் கிடந்த அந்தக் களத்தில்தான் அர்கன்சாஸ் என்ற சிறு மாநிலத்தின் ஆளுநர் பில் கிளிண்டன் நடந்து போனார். ஓராண்டுக்குள் பொருளாதாரம் படுத்தது, புஷ்ஷின் 89 சதவீதம் நாற்பதுக்கும் கீழே சரிந்தது. போரைப் பற்றிய கேள்வி வேலையைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. கூமோ நின்றிருந்தால் ஜெயித்திருப்பாரா என்பதை விடுங்கள். ஊர் சொன்ன ஆரூடத்தை நம்பி அரைடஜன் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். முன்கூட்டியே பேசுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

'இன்னும் முடிவெடுக்கவில்லை' என்று இந்த அரசியல்வாதிகள் நெளிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நாணம் மட்டுமில்லை. வேட்பாளர் என்று சட்டப்படி ஆகிவிட்டால் நன்கொடை வரம்பு, கணக்குத் தாக்கல் எல்லாம் கழுத்தில் ஏறும். 2015இல் இளைய புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ் ஜூன் நடுவரை அறிவிக்காமலேயே ஊர் ஊராகப் போனார். அதற்குள் அவரை ஆதரிக்கும் தனி நிதிக்குழு பத்து கோடி டாலருக்கு மேல் திரட்டிவிட்டது. அவ்வளவு பணமும் கருத்துக்கணிப்புகளும் குடும்பப் பெயரும் சேர்ந்து அவருக்கு வாங்கிக்கொடுத்தது, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் நான்கே பிரதிநிதிகள். 2016 பிப்ரவரி 20இல், மூன்றாவது மாநிலம் வாக்களித்த அன்று இரவே விலகினார். அவர் அறிவித்த மறுநாள் தன் கோபுரத்தின் மின்படிக்கட்டில் இறங்கி வந்தாரே டொனால்ட் டிரம்ப், அவரை 2013 பட்டியல்களில் தேடிப்பாருங்கள். அந்த ஆண்டு டைம் இதழ் அட்டையில் போட்டு 'குடியரசுக் கட்சியின் இரட்சகர்' என்று எழுதியது மார்கோ ரூபியோவை.

நியாயத்துக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில குதிரைகள் முன்கூட்டியே தெரிகின்றன. 2000இல் இளைய புஷ், அல் கோர் இருவரும் ஓராண்டுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்த முடிவுகள். துணை அதிபராகப் பதவியில் இருந்துகொண்டு வேட்பாளராக முயன்றவர்களை 1960 முதல் எந்தக் கட்சியும் கைவிட்டதில்லை: நிக்சன், ஹம்ஃப்ரி, மூத்த புஷ், அல் கோர், கமலா ஹாரிஸ். ஆகவே வான்ஸ் பெயரை எழுதுகிறவரைப் பைத்தியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஐவரில் அந்த முறை வெள்ளை மாளிகைக்குப் போனவர் மூத்த புஷ் மட்டும்தான். மற்ற நால்வரும் தங்கள் அதிபரின் சுமையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடித் தோற்றவர்கள். டிரம்ப் மூன்றாம் முறை வர அரசியல் சட்டத்தின் 22ஆம் திருத்தம் இடம் தராது. வான்ஸ் வந்தால் அந்தச் சுமை அவருக்குத்தான்.

கமலா ஹாரிஸ் பெயர் வந்ததால் துளசேந்திரபுரத்தையும் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர், அவருடைய தாய்வழித் தாத்தா ஊர். 2019 தொடக்கத்தில் ஹாரிஸ் முன்னணி வேட்பாளர்களில் ஒருவர் என்று பேசினார்கள். ஒரு வாக்கும் விழுவதற்குள், டிசம்பரிலேயே விலகினார். இனி அவ்வளவுதான் என்றார்கள். அடுத்த ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளர். 2024 ஜூலை 21இல் பைடன் விலகியபோது, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி வாக்கெடுப்பில் ஒரு போட்டியும் காணாமலேயே அதிபர் வேட்பாளர். ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை எல்லோர் கணக்கையும் பொய்யாக்கியவர் அவர். அந்தக் கிராமத்துக் கோயிலில் அபிஷேகம் செய்தவர்கள் கருத்துக்கணிப்பு எதையும் பார்க்கவில்லை, அது அவர்கள் பாக்கியம்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடும் கூட்டமான எங்கள் ஊர் காகஸை ஒருமுறையாவது நேரில் பார்த்தவர்கள் இந்தச் சதவீதங்களை அவ்வளவு நம்பமாட்டார்கள். 2008 ஜனவரி 3, இரவு ஏழு மணி, மூச்சு உறையும் குளிர். எனக்கு வாக்கு கிடையாது, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், என்னைத் தன் காரில் கூட்டிப்போனார். பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானம். ரகசிய வாக்கெடுப்பெல்லாம் இல்லை. அன்றைய முறைப்படி, யாருக்கு ஆதரவோ அந்த மூலையில் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான். வந்தவர்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிடும்; அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

ஒபாமாவின் மூலை கூடைக் கம்பத்தைத் தாண்டி வழிந்தது. பாதிப்பேர் முதல்முறை வாக்காளர்கள், கையுறையைக்கூடக் கழற்றாத பிள்ளைகள். ஹிலாரியின் மூலையில் நடுவயதுப் பெண்கள் மடக்கு நாற்காலிகளோடு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஆறு பேர். எங்கள் பெரியவர் அந்த ஆறில் ஒருவர். அவர்கள் ஜோ பைடனுக்கு நின்றார்கள்.

எண்ணிக்கை முடிந்ததும் மற்ற மூலைக்காரர்கள் இந்த ஆறு பேரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண் வீட்டில் சுட்ட பிஸ்கட் தட்டை நீட்டி, இன்னொரு வேட்பாளரான எட்வர்ட்ஸ் பக்கம் அழைத்தாள். ஒரு கல்லூரிப் பையன் பெரியவரிடம் உடல்நலக் காப்பீடு பற்றி மூச்சுவிடாமல் பேசினான். பெரியவர் பொறுமையாகக் கேட்டார், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார், குல்லாவை மாட்டிக்கொண்டு 'போகலாமா' என்று என்னைப் பார்த்தார். பைடன் அன்றிரவே விலகினார். திரும்பும் வழியில் காரில் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வானொலியில் ஒபாமா ஜெயித்த செய்தி. வாசலில் இறங்கும்போது மட்டும், 'இனி அந்த ஆளுக்கு வாய்ப்பில்லை, வயதாகிவிட்டது' என்றார்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்த ஆள் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. மறுபடியும் எல்லோரும் இறுதிச்சடங்குக்குத் தயாரானார்கள். பிப்ரவரி 29இல் தென் கரோலினா அவரைத் தூக்கி நிறுத்தியது. நவம்பரில் முடிவு வந்த சனிக்கிழமை, முகக்கவசத்தோடு பெரியவர் வீட்டு வாசலில் ஆறடி தள்ளி நின்று வாழ்த்துச் சொன்னேன். 'பன்னிரண்டு வருடம் முன்பே கண்டுபிடித்தவர் நீங்கள்தான்' என்றேன்.

இலை வாரிக்கொண்டிருந்தவர் கழியை ஊன்றி நின்றார். இந்தமுறை காகஸில் தான் பைடனுக்கு நிற்கவில்லை என்றார். ஏமி குளோபுச்சருக்கு நின்றாராம்.