இரண்டு நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேர வகுப்பு

மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் 30, 40 வயதைத் தாண்டியவர்கள். தையல் கடைக்காரர், எலக்ட்ரீஷியன், பிள்ளையின் மிஸ்ஸிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேச ஆசைப்படும் அம்மாக்கள். ஆரம்பத்தில் அரை மணி நேர வீடியோவை ஓடவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். எனக்கு ஓய்வு, அவர்களுக்குத் தூக்கம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்களை ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்?

இப்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் போடுவதில்லை. முதல் தடவை சத்தமே கிடையாது. துணிக்கடையில் ஒருவர் சட்டையைத் திருப்பிக் கொடுக்க நிற்கிறார், கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்டேன். மூன்று வாரமாக வாயே திறக்காத தையல்கார அண்ணன், "நோ பில், நோ ரிட்டர்ன்!" என்றார். தொழில் பேசவைத்துவிட்டது.

அப்புறம் சத்தத்தோடு போட்டேன். "டூ யூ வாண்ட் டு" என்பது "ஜுவானா" என்று ஓடியது. "சார், இது இங்கிலீஷே இல்லை" என்றார் ஒரு அக்கா. பலகையில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதி, வீட்டுக்காரரிடம் போனில் இப்படித்தான் சொல்வீர்களா என்று கேட்டேன். "வந்துட்டிருக்கேன்னு சொல்வேன்" என்றவர் சட்டென்று நிறுத்திச் சிரித்தார். அவங்களும் நம்மைப் போலத்தான் விழுங்குறாங்களா!

தமிழ் சப்டைட்டில் மட்டும் வேண்டாம். கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், காது வேலைநிறுத்தம் செய்யும். மூன்றாம் தடவை ஆங்கில சப்டைட்டில் போடலாம். யூடியூப் தானாகப் போடும் எழுத்துகளில் தப்பு இருந்தால் இன்னும் நல்லது, அதைக் கண்டுபிடிப்பதே ஒரு பயிற்சி. வேகத்தை 0.75-க்குக் குறைத்தும் கேட்கலாம், ஆனால் கடைசியில் பழைய வேகத்துக்கு வந்துவிட வேண்டும். நிஜக் கடைக்காரர் யாருக்காகவும் மெதுவாகப் பேசமாட்டார்.

எனக்கு எரிச்சல் தருவது, பெரியவர்களுக்குக் குழந்தைப் பாட்டு வீடியோ போடுகிறவர்கள்தான். பேரன் எடுத்த மனுஷனிடம் 'ஏ ஃபார் ஆப்பிள்' பாடச் சொன்னால் மறுநாள் வருவாரா? பிபிசி 1943-லேயே வானொலியில் ஆங்கிலப் பாடம் தொடங்கியது. இன்று அவர்களுடைய பாடங்கள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன, வயதுக்குத் தகுந்த பேச்சோடு. தேடி எடுக்கத்தான் சோம்பல்.

போன வாரம் தையல்கார அண்ணன் வாட்ஸ்அப்பில் 40 நொடி வீடியோ ஒன்று அனுப்பினார். அவர் மனைவி வாடிக்கையாளர், அவர் கடைக்காரர், பேச்சு முழுக்க இங்கிலீஷ். அக்கா பில்லை எடுத்து நீட்டியும் மனுஷன் ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கவில்லை.