பழைய மொபைல் ஹோமைத் தவணைக்கும் விற்கலாம்
1976-க்கு முந்தைய மொபைல் ஹோமை, அதாவது தொழிற்சாலையில் கட்டி இழுத்துவந்து நிறுத்தும் வீட்டை, ரொக்கத்துக்குத்தான் விற்க முடியும் என்று நான் படித்த கட்டுரை ஒன்று அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. வங்கி பெரும்பாலும் கைவிரிக்கும் என்பது சரி. 1976 ஜூன் 15-க்குப் பிறகு அமெரிக்க வீட்டுவசதித் துறையான ஹட்டின் தரவிதிப்படி கட்டிய வீடாக இல்லாவிட்டால், எஃப்.ஹெச்.ஏ. என்ற அரசு அமைப்பு காப்பீடு தரும் வீட்டுக் கடனும் கிடையாது. ஆனால் விற்பவரே கடன் கொடுக்கலாமே! 1974-இல் கட்டப்பட்ட வீடு ஒன்றை டெக்சஸில் நாங்கள் அப்படித்தான் விற்றோம். விலை 18,000 டாலர், முன்பணம் 5,000, மீதிக்கு 8 சதவீத வட்டியில் 48 தவணை, மாதம் சுமார் 317 டாலர். உரிமைச் சான்றில் எங்கள் கடனைப் பதிவு செய்த பிறகே சாவியைக் கொடுத்தோம். வெறும் கைச்சீட்டை நம்பியிருந்தால் அம்போதான். தலைவலி வந்தது தவணையில் அல்ல, மனை வாடகையில். வீடு வாங்கியவருடையது, அது நிற்கும் நிலமோ இப்படிப்பட்ட வீடுகளுக்கு மனையை வாடகைக்கு விடும் பார்க்குக்காரருடையது. வாங்கியவர் எங்களுக்கு ஒழுங்காகக் கட்டிக்கொண்டே பார்க்குக்கு இரண்டு மாதம் பாக்கி வைத்துவிட்டார். வெளியேறச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரியும்! அவ்வளவு பழைய வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போனால் வேறு பார்க்குகளில் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். வாடகை ரசீதை மாதாமாதம் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும், எங்களுக்குத் தோன்றவில்லை. அப்புறம், டாட்-ஃபிராங்க் என்ற அமெரிக்க நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி இப்படிக் கடன் கொடுக்க உரிமம் வேண்டும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். 12 மாதத்தில் ஒரே ஒரு சொத்தைத் தவணைக்கு விற்கும் தனிநபருக்கு அதில் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. மாநில விதியைத்தான் தனியாகப் பார்க்க வேண்டும்.