கருணாநிதி இடைவெளியின்றி எம்.எல்.ஏ.வாக இருந்தாரா?

"கருணாநிதி 1957 முதல் 2018 வரை ஒருநாள்கூட இடைவெளியில்லாமல் எம்.எல்.ஏ." என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் அவர் வென்றது உண்மை; குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். 1983-ல் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காகப் பதவி விலகினார். 1984 தேர்தலில் நிற்கவே இல்லை. அப்போது அவர் தமிழகச் சட்ட மேலவை உறுப்பினர் (எம்.எல்.சி.), எம்.எல்.ஏ. அல்ல. 1989-ல்தான் துறைமுகம் தொகுதியில் வென்று பேரவைக்குத் திரும்பினார். 1991-ல் அதே தொகுதியில் 890 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தும் ராஜினாமா செய்தார். அடுத்து உறுப்பினரானது 1996-ல், சேப்பாக்கத்தில். தோல்வியே காணாதவருக்கு இந்த மிகைப்படுத்தல் தேவையே இல்லை. தேர்தல் ஆணைய இணையதளத்தில் 1984 தேர்தலின் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. தொகுதிவாரி வேட்பாளர் பட்டியலைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.