குடிக்காதவன் தலையில் கட்டப்படும் பேச்சிலர் பார்ட்டி

நண்பர் கூட்டத்தில் ஒருவன் குடிப்பதில்லை என்று தெரிந்துவிட்டால் போதும், வெளிநாட்டு பேச்சிலர் பார்ட்டியில் அவனுக்கான வேலை டிக்கெட் போடும்போதே முடிவாகிவிடுகிறது. கணக்குப் பார்ப்பவன், வாடகை வண்டிக்காரரிடம் பேரம் பேசுபவன், வாந்தி துடைப்பவன், விடியற்காலையில் தலைகளை எண்ணுபவன் எல்லாம் அவன்தான். எங்கள் கூட்டத்தில் அந்த ஒருவன் நான். உனக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. "நீதான் குடிக்க மாட்டாயே!" என்று தோளில் தட்டிவிட்டு எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் என் பையில் திணித்துவிடுகிறார்கள். குடிக்காமல் இருப்பது என் விருப்பம், ஐயா. அதை உங்கள் இலவசப் பாதுகாப்புத் திட்டமாக மாற்றியது யார்?

பயணம் தாய்லாந்துக்கு. பட்டாயா என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள். அந்த ஒற்றுமை அதற்குப் பிறகு எதிலும் இல்லை. 2025 மே மாதத்திலிருந்து அந்த நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டினர் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டிய சின்ன வேலை. கட்டணம் கிடையாது. ஒருவன் ஏதோ போலித் தளத்தில் பணம் கட்டிவிட்டு அதைப் பெருமையாக என்னிடம் காட்டினான். மற்றவர்கள் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். அந்தப் படங்களிலும் பாதியில் எண்ணை மறைத்துக்கொண்டு ஒரு கட்டைவிரல்.

பட்டாயாவின் பீர் பார்களில் மது ஊற்றும் மேடைக்கு மேலே ஒரு மணி தொங்கும். இழுக்கத் தோதாகக் கயிறும் கட்டியிருப்பார்கள். அதை அடித்தால், அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் ஒரு சுற்று நம் செலவு. இதை விடுதியிலேயே சொன்னேன். வழியில் சொன்னேன். உள்ளே நுழையும்போது மணியைக் கையால் காட்டியும் சொன்னேன். மாப்பிள்ளை உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, கோயில் மணியைப் போல ஆட்டி அடித்தான். பார் முழுக்க ஒரே ஆரவாரம். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள்.

அந்த பார்களில் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு துண்டுச்சீட்டு எழுதிச் சுருட்டி, நமக்கு முன்னால் இருக்கும் சிறு குவளையில் செருகுவார்கள். நல்ல ஏற்பாடுதான், யாரும் எப்போதும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பவன் வேண்டுமே! நான் ஒருவன்தான் அந்த மங்கிய சிவப்பு விளக்கில் ஒவ்வொன்றாகப் பிரித்து, கைப்பேசி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கேட்காத கோப்பைகளுக்கும் சீட்டுகள் இருந்தன. எடுத்துக் காட்டினால், "விடுடா, கல்யாணப் பையன் முன்னால் கஞ்சத்தனம் காட்டாதே" என்றான் ஒருவன். மறுநாள் கணக்கைப் பிரித்தபோது, "இவ்வளவா? நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?" என்று கேட்டவனும் அவனேதான். வயிறு எரியுமா எரியாதா?

பாங்காக்கின் பட்பொங் என்ற கேளிக்கைத் தெருப் பக்கம் நடக்கும் கூத்து உலகம் அறிந்தது. கையில் ஒரு அட்டையோடு ஆள் வருவான். தாய்லாந்துப் பணம் 100 பாட் கொடுத்தால் ஒரு பீர், காட்சி இலவசம் என்பான். மாடிக்கு அழைத்துப் போவான். கிளம்பும்போது ரசீது ஆயிரக்கணக்கில் இருக்கும், வாசலை மறித்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். மாடியேறாமல் இருப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தே இல்லை. ஏறித் தொலைத்துவிட்டால், கையை ஓங்காமல் 1155-ஐ அழைக்க வேண்டும். சுற்றுலாப் போலீஸின் எண் அது. ஆங்கிலத்தில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். எந்த கிளப்பில் எந்த மாடியில் என்ன இசை என்பதெல்லாம் எங்கள் கூட்டத்துக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த நான்கு இலக்கத்தைக் கைப்பேசியில் பதிந்து வைக்கச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் கை வலிக்கும்.

பாஸ்போர்ட் கதைக்கு வருகிறேன். என் பையில் திணித்தவர்களே மறுநாள் வந்து, ஸ்கூட்டர் வாடகைக்கு அடமானமாகக் கொடுக்க வேண்டும், எடு என்றார்கள். முடியாது என்றேன். அன்று முழுக்க நான்தான் வில்லன். பட்டாயாவிலும் புக்கெட்டின் பாதோங் கடற்கரையிலும் ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுத்தவர்கள் பட்ட பாடு ஊரறிந்த விஷயம். ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி, நீதான் சேதப்படுத்தினாய் என்று பெருந்தொகை கேட்பார்கள். பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தால் நம் வாய் அடைத்துவிடும். ஸ்கூட்டரிலும் இதே வித்தை உண்டு. ரொக்கமாக முன்பணம் வாங்கிக்கொள்ளும் கடையைத் தேடு, வண்டியை எடுக்கும் முன் சுற்றிலும் வீடியோ எடு என்றால், "காப்பீடு எடுத்திருக்கிறோமே" என்று பதில். அந்தப் பத்திரத்தை ஒருவனாவது படித்தானா? மோட்டார் சைக்கிளுக்குச் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டினாலோ, குடித்துவிட்டு விழுந்தாலோ பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஒரு காசு தராது. பேச்சிலர் பார்ட்டியில் இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் யார் ஸ்கூட்டரைத் தொடுகிறார்கள்?

இவையெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். பார்த்துப் பார்த்து என் ரத்தம் கொதித்தது வேறொன்றில். பெயர் ஒட்டாத புட்டியிலிருந்து யாரோ இலவசமாக ஊற்றிய மதுவை வரிசையில் நின்று குடிக்கிறார்கள். 2024 நவம்பரில் பக்கத்து நாடான லாவோஸின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில், மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மது குடித்த வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் செத்துப்போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பாங்காக்கிலேயே, யாடோங் எனப்படும் மூலிகைச் சாராயத்தில் மெத்தனால் கலந்து உள்ளூர்க்காரர்கள் பலர் இறந்தார்கள். மெத்தனாலை மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். அதைவிடக் கொடுமை, அறிகுறிகள் உடனே தெரியாது. பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். தலைவலி, குமட்டல், வாந்தி. அதாவது மறுநாள் காலையில் இந்தக் கூட்டத்தில் எவனுக்கும் சாதாரணமாக இருக்கும் அதே கோலம்!

அதனால்தான் ஒருவன், "எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது" என்று முனகியபோது எனக்குக் குலை நடுங்கியது. மற்றவர்கள் சிரித்தார்கள். தூங்கினால் தெளிந்துவிடும் என்றார்கள். தெளியாது, ஐயா! பார்வை மங்கினால் நேராக மருத்துவமனை, மெத்தனால் சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சீக்கிரம் போனால் நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு. அங்கே அவசர மருத்துவ உதவிக்கு 1669. அவனை இழுத்துக்கொண்டு போனவன் நான். போன பிறகுதான் தெரிந்தது, அவன் கண்ணாடியைக் கிளப்பில் தொலைத்திருக்கிறான், மற்றதெல்லாம் வெறும் போதை மயக்கம். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். மறுபடி எவனாவது பார்வை மங்குகிறது என்றால் மறுபடியும் இழுத்துக்கொண்டு போவேன், சட்டையைப் பிடித்து.

2023 டிசம்பரிலிருந்து பாங்காக், புக்கெட், பட்டாயா போன்ற இடங்களில் உரிமம் பெற்ற கேளிக்கை இடங்கள் அதிகாலை 4 மணிவரை திறந்திருக்க அனுமதி உண்டு. அந்த நான்கு மணிக்கு வண்டி பிடிப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவன் செருப்பைத் தேடுகிறான். ஒருவன் இப்போதுதான் அறிமுகமான யாரோடோ வேறு இடத்துக்குப் போகிறேன் என்கிறான். அவன் மேசையில் விட்டுப்போன கோப்பையில் யார் எதைப் போட்டார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும், திரும்பி வந்து அதையே எடுத்துக் குடிக்கிறான். இன்னொருவன் கைப்பேசி அணைந்து எங்கோ நிற்கிறான், விடுதியின் பெயரும் தெரியாது. விடுதி வரவேற்பறையில் தாய்லாந்து எழுத்தில் முகவரி அச்சிட்ட அட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள என்ன கஷ்டம்?

மதுக்கூடத்தில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் வீடியோ எடுத்தவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் உள்ளே படம் எடுக்கத் தடை என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் வேலைக்கு வந்தவர்கள், உன் கைப்பேசிக்கு வேடிக்கைப் பொருள் அல்லர். வாயிற்காவலர் அவன் கையைப் பிடித்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. மின்சிகரெட்டோடு வந்தவன் தனி ரகம், 2014 முதல் அங்கே அதன் இறக்குமதிக்கே தடை என்று விமானம் ஏறும் முன் சொன்னதற்கு, "யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றான். விமான நிலையத்தில் அவனுக்குப் பின்னால் வியர்த்து நின்றது நான்.

ஒருநாள் இரவு ஒருவன், ஒரே ஒருவன், "இன்று நான் குடிக்கவில்லை, நீ நிம்மதியாக இரு" என்று சொல்லியிருந்தால் போதும். முறை வைத்துக்கொள்வது அவ்வளவு பெரிய தியாகமா? எனக்கும் அந்த இசை பிடிக்கும். எனக்கும் கடற்கரையில் கால் நீட்டி உட்காரத் தெரியும்.

இப்போது அடுத்தவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இந்த முறை கோ பங்கன் தீவில் முழுநிலவு விருந்தாம். அங்கே ஹாட் ரின் கடற்கரையில் தீப்பற்றிய கயிற்றைச் சுழற்றிவிட்டு, போதையில் இருப்பவர்களைக் குதிக்கச் சொல்வார்கள். யார் யார் குதிப்பது என்று இப்போதே பட்டியல் போட்டாயிற்று. காப்பீடு யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வழக்கம்போல என் பெயர். பெயரை அடித்துவிட்டேன். பட்டியலில் உள்ளவர்கள் அவரவர் பத்திரத்தை எடுத்து, தீக்காயத்துக்குப் பணம் வருமா என்று அவரவரே படித்துக்கொள்ளட்டும்.