செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாம்

தட்டம்மை வந்த ஒரு பையன் என் எட்டு மாதப் பாப்பாவை மடியில் வைத்திருந்து நேற்றோடு 21 நாள் முடிந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை, தடிப்பு வரவில்லை. போன பதிவைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி குடும்பக் குரூப்பில் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. யார் போட்டது என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல. சும்மா பயந்து நாலு பேரு மனசை நோகடிச்சதுதான் மிச்சம். போச்சாது உடு கண்ணு." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கை, பூ, கட்டைவிரல். இந்த மூன்று வாரத்தில் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காதவர்களும் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமையே ஏன் சொல்லவில்லை? அதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நாள் கணக்கை மட்டும் இன்னொரு தடவை சொல்கிறேன். எல்லோரும் அதைத்தான் தாண்டிப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் காதுகுத்து. மண்டபத்தில் விசேஷம் வைத்த வீட்டுப் பெரிய பையனுக்குக் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமல் இருந்தது. சளி என்றார்கள். என் பாப்பாவை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தான். பிள்ளைதானே, ஆசையாகக் கொடுத்தான். அன்றைக்கு அது என்னவென்று யாருக்கும் தெரியாது, அதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனுக்கு முகத்தில் தொடங்கி நெஞ்சு வரைக்கும் தடிப்பு. டாக்டர் பார்த்துவிட்டுத் தட்டம்மை என்று சொல்லிவிட்டார். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் தகவல் எங்களுக்கு வந்து சேர்ந்தது சனிக்கிழமை ராத்திரி 9.40க்கு. அதுவும் "தம்பிக்கு ஆத்தா வந்திருக்கா, எல்லாரும் வேண்டிக்குங்க" என்று.

அந்த நான்கு நாளில் என்ன போய்விட்டது என்று தெரியாமல்தான் "ஒண்ணும் ஆகல" என்கிறீர்கள் என நினைத்துக்கொள்கிறேன். தட்டம்மைக்காரர் பக்கத்தில் இருந்த குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் வேகத்தைக் குறைக்கவோ வாய்ப்பு இருக்கிறது. அதற்கப்புறம் ஆறு நாள் வரைக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற ஒன்று, எதிர்ப்புச் சக்தியையே நேராக உடம்புக்குள் ஏற்றும் மருந்து, இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 72 மணி நேரம் என்றால் புதன். புதன்கிழமை எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கமும் சரி, இந்தப் பக்கம் கேரளாவில் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலும் சரி, ஊசி போடும் நாள். துணை சுகாதார நிலையத்தில் காலையிலேயே குளிர்ப்பெட்டியில் ஊசி மருந்து வந்துவிடும். என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பாப்பாவுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிலையத்தைத் தாண்டித்தான் பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

ஆறாவது நாள் எது? சனிக்கிழமை. ராத்திரி 9.40.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் கோபப்படவில்லை. "புதன்கிழமைக்குள்ள வந்திருந்தா யோசிச்சிருக்கலாம்மா. இனி காய்ச்சல் வருதான்னு பாருங்க, காதுக்குப் பின்னால பாருங்க" என்றார். தடிப்பு பெரும்பாலும் அங்கேயும் நெற்றியிலும்தான் முதலில் தெரியுமாம். அன்றிலிருந்து விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, தூங்கும் பிள்ளையின் காதை மெல்ல மடக்கி போன் வெளிச்சத்தில் பார்ப்பது. பத்தாவது நாள் அங்கே சிவப்பாக ஒன்று இருந்தது. கை நடுங்கிவிட்டது. கொசு கடித்த தடம் அது. வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்க்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வரவில்லை. இதைத்தான் "சும்மா பயந்து" என்கிறீர்கள்.

இப்போது வரப்போகும் கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

அம்மை வந்ததை வெளியே சொல்லக்கூடாது, தெய்வக் குற்றம் என்று ஒரு சித்தி எழுதியிருந்தார். சித்தி, நம் அம்மாயியைக் கேளுங்கள். அம்மை பார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியது எதற்கு? ஊருக்கே தெரியட்டும் என்றுதானே? வெளி ஆள் வாசப்படி தாண்டக் கூடாது, வீட்டு ஆள் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது, மூன்றாம் தண்ணி ஊற்றும் வரைக்கும் தாளிப்பு வாசம்கூட அந்த வீட்டிலிருந்து வராது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் ஒரு கொத்து இலையை வைத்து ஊருக்கே தகவல் சொன்னார்கள். நம் கையில் ஆளுக்கு ஒரு போன் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு நோய் வந்ததை மறைத்தோம்.

அம்மாயிக்கு நான்கு பிள்ளைகள். யார் கேட்டாலும் "நாலு, மூணு இருக்குது" என்றுதான் சொல்லும். அம்மாவுக்கு அடுத்துப் பிறந்த தம்பிக்கு இரண்டு வயதில் மணல்வாரி, இதே தட்டம்மைதான், வந்தது. அம்மை இறங்கிவிட்டது, தண்ணியும் ஊற்றியாயிற்று. அதற்கப்புறம் வயிற்றால் போக ஆரம்பித்து, எட்டு நாளில் முடிந்துவிட்டது. அன்றைக்கு ஊசி கிடையாது. தட்டம்மை ஊசி நாட்டுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது 1985ல். "எங்க காலத்துல எல்லாத்துக்கும் வந்துச்சு, போச்சு" என்று அந்த வாய்ஸ் மெசேஜில் ஒரு வரி இருக்கிறதே, அதைச் சொன்னவருக்கு அந்த மாமாவின் பெயராவது ஞாபகம் இருக்கிறதா?

அடுத்தது, "ஊசி போட்டா வராதுன்னு சொல்றியே, அப்புறம் உனக்கு என்ன பயம்?" என்பது. பெரியவளுக்கு இரண்டு டோஸ் போட்டாயிற்று, அவளைப் பற்றி நான் பயப்படவே இல்லை. இரண்டு டோஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பயம் எட்டு மாதக் குழந்தைக்கு. முதல் டோஸே ஒன்பது மாதம் முடிந்துதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சமிருக்கும்போது போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது, அதனால்தான் அத்தனை நாள் காத்திருக்க வைக்கிறார்கள். அந்த ஒன்பது மாதமும் குழந்தைக்கு முக்கியமான காப்பு சுற்றியிருக்கும் நாம்தான். இருமினால் காற்றில் இரண்டு மணி நேரம் நிற்கும் கிருமி அது. எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேரைப் பிடிக்கும். எங்கள் பிள்ளை அந்தப் பத்தாவது ஆளாகத் தப்பித்ததா, என் உடம்பிலிருந்து போன சக்தி காப்பாற்றியதா, கடவுளா, எனக்குத் தெரியாது. உங்கள் மௌனம் காப்பாற்றவில்லை, அது நிச்சயம்.

அந்தப் பையனுக்கு ஒரு ஊசிகூடப் போட்டதில்லை என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும். அவன் அப்பா "எங்க முடிவு, எங்க பிள்ளை" என்றார். சரி. நான் அந்தச் சண்டைக்கே வரவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் யோசிக்க யோசிக்க ஆறவில்லை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் முடிவு எடுத்தீர்கள். என் பிள்ளைக்கு முடிவு எடுக்க எனக்கு இருந்த அந்த நான்கு நாளையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். அது யாருடைய முடிவு?

ஆட்டிசம் வரும் என்று இன்னும் ஃபார்வர்டு அனுப்புகிறீர்கள். 1998ல் அதைக் கிளப்பிய வேக்ஃபீல்டு என்ற டாக்டரின் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010ல் திரும்பப் பெற்றுக்கொண்டது, அவர் பெயரையே டாக்டர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போட்டபோது வந்த புரளி, அக்டோபரில் கேரளாவில் போட்டபோது மலையாளத்தில் வந்தது. நான் இரண்டையும் படித்தேன். ஒரே படம், ஒரே பொய், எழுத்து மட்டும் வேறு. எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடியில் அதை நிறுத்த ஆள் இல்லை.

எனக்கும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. பெரியவளின் இரண்டாவது டோஸை ஒன்றரை வயதில் போட்டிருக்க வேண்டும், இரண்டரை வயதில்தான் போட்டேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதால் அட்டை அங்கே, ஆள் இங்கே. "அடுத்த தடவை போறப்ப போட்டுக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனேன். சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி நான்கு தடவை வீட்டுக்கு வந்து, "அஞ்சாம்பனி களியல்ல மோளே" (தட்டம்மை விளையாட்டு இல்லை மகளே) என்று சொன்னபிறகுதான் போனேன். அந்த ஒரு வருஷமும் அவள் யார் பிள்ளைக்காவது கொடுத்திருக்கலாம். அதனால்தான் ஊசி போடாததற்கு நான் அதிகம் பேசவில்லை. ஆனால் தெரிந்த நோயை, டாக்டர் சொல்லச் சொன்ன நோயை, நான்கு நாள் மூடி வைத்ததை நான் செய்திருக்க மாட்டேன்.

கடைசியாக அந்தப் பையனின் அம்மாவுக்கு. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் பெரியவன் நிமோனியாவில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று அம்மா சொன்னார்கள். அவனுக்குச் சரியாகட்டும் என்று நான் வேண்டாத நாள் இல்லை. நீ அன்றைக்கு போனில் அழுதாய். "விசேஷம் வெச்ச வீட்டுல இப்பிடின்னு சொன்னா ஊரு என்ன பேசும்னு பயந்துட்டேன்" என்றாய். நானும் ஊருக்குப் பயந்து வளர்ந்தவள்தான், எனக்கு அது புரிகிறது. ஆனால் சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தோம், இரண்டு பேருக்கும் ஒன்றாகப் பேன் பார்த்தது அம்மாயி. ஊருக்குச் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால் கொடுத்திருக்கக் கூடாதா?

நாளை மறுநாள் புதன்கிழமை, பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிடும். எம்ஆர் குப்பியைக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதனால் காலையில் சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். அட்டையைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். உன் சின்னதுக்கும் பத்து மாதம் ஆகிறது. தடிப்பு கிடிப்பு வந்ததா என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வரவில்லை என்றால் நீயும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போ. நீங்கள் இருக்கும் பக்கமும் புதன்கிழமைதான்.