கண்ணாடி போடாத பாம்பு

(மலேசியாவின் சுங்கை சிப்புட். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் போய், புது வீடமைப்பான தாமான் வந்த இடம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு கம்பி வேலி.)

பாக்கியம்: தம்பி தனபால், சீக்கிரம் இந்தப் பக்கம் வா. பாம்பு ஒன்று...

தனபால்: பாம்பா! அசையாதீர்கள் அக்கா. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையை ஆட்டக் கூடாது. எங்கள் சொந்தக்காரர் குழுவில் நேற்றுதான் ஒரு பதிவு வந்தது. தேனியிலிருந்து சித்தப்பா அனுப்பினார். இருங்கள், படிக்கிறேன்.

பாக்கியம்: படிப்பதெல்லாம் அப்புறம். அது எங்கே போனது என்றால்...

தனபால்: எங்கே போனாலும் போகட்டும். முதலில் என்ன பாம்பு என்று பார்க்க வேண்டும். மொத்தமே நாலுதான் விஷம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மற்றதெல்லாம் சும்மா லா. படத்தோடு போட்டிருக்கிறார்கள்.

பாக்கியம்: அது இந்தியாவுக்குப் போட்ட பட்டியல், தம்பி. அங்கேயே இன்னும் பல விஷப் பாம்பு உண்டு. நிறையப் பேரைக் கொல்கிற நாலைத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள்.

தனபால்: பாம்புக்கு ஏது அக்கா பாஸ்போர்ட்? சரி, உங்கள் பாம்பு என்ன நிறம்?

பாக்கியம்: என் பாம்பு இல்லை. கறுப்பு. என்னைப் பார்த்ததும் படமெடுத்தது.

தனபால்: படத்தில் மூக்குக்கண்ணாடி மாதிரி குறி இருந்ததா?

பாக்கியம்: இல்லை.

தனபால்: (நிம்மதியாக) முடிந்தது. நல்ல பாம்பு இல்லை. நாலிலும் சேராது. விஷம் கிடையாது.

பாக்கியம்: கண்ணாடி போடாதவன் எல்லாம் யோக்கியனா? நீயும்தான் போடவில்லை.

தனபால்: அக்கா, இது அறிவியல்.

பாக்கியம்: நம் பக்கத்துக் கருநாகத்துக்குப் பெரும்பாலும் படத்தில் குறியே இருக்காது. கொத்தவும் செய்யும், நின்ற இடத்திலிருந்தே கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பவும் செய்யும். ரப்பர்ப் பால்மரம் சீவப் போன காலத்தில் என் மாமியார் கண்ணில் துப்பிவிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பார்வை தப்பித்தது. வேலையை மேற்பார்க்கிற தண்டல் அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார், அரை நாள் சம்பளம்.

தனபால்: துப்புகிற பாம்பு பற்றிக் குழுவில் ஒன்றுமே இல்லையே.

பாக்கியம்: அதைக் குழுவில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள் போல. சரி, இப்போதாவது கேள். அது நேராக...

(இந்த மாதிரி ஆட்களிடம் பாம்பு இருக்கும் இடத்தைச் சொல்வதைவிட, பாம்பிடம் இவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். அது வெளிக்காது இல்லாவிட்டாலும் கவனிக்கும்.)

தனபால்: நான் ஊருக்குப் போனபோது நேரிலேயே பார்த்தவன் அக்கா. சென்னையிலிருந்து மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலி. அங்கே இருளர்கள் பாம்பு பிடிப்பதற்கென்றே கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கிறார்கள், 1978-இல் தொடங்கியது. ஒவ்வொரு பாம்பும் ஒரு மண்பானைக்குள். பானை வாயைத் துணியால் கட்டி வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒருவர் வெறுங்காலோடு நின்று, பாம்பை எடுத்துக் கண்ணாடிக் குப்பியைக் கடிக்க வைத்து விஷம் எடுக்கிறார். கடி மருந்துக்கு அந்த விஷம்தான். சில வாரம் கழித்துப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்களாம். இருளர்கள் இரண்டு பேர், வடிவேல் கோபால், மாசி சடையன், 2023-இல் பத்மஸ்ரீயே வாங்கிவிட்டார்கள்!

பாக்கியம்: அவர்கள் பெரிய ஆட்கள், கும்பிடலாம். நீ அங்கே என்ன கற்றுக்கொண்டாய்?

தனபால்: நான் படம் எடுத்தேன்.

பாக்கியம்: பாம்பும்தான் எடுத்தது. அதற்கு ஊருக்குப் போகிற செலவுகூட இல்லை.

தனபால்: கேலி பண்ணாதீர்கள். கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? (பைக்குள்ளிருந்து சிவப்பு ராஃபியா கயிற்றை எடுக்கிறார்) முதலில் இறுக்கிக் கட்ட வேண்டும். அப்புறம் பிளேடால் லேசாகக் கீறி...

பாக்கியம்: அந்தக் கயிற்றால் உன் வாயைக் கட்டு. என் மகள் தாதி வேலை பார்க்கிறாள், அவளிடம் கேள். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. உன் சித்தப்பா ஊர் மருந்து அந்த நாலு பாம்புக்குச் செய்தது. நம் ஆஸ்பத்திரியில் தாய்லாந்தில் செய்த மருந்துதான் வைத்திருக்கிறார்கள். பாம்புக்குப் பாஸ்போர்ட் இல்லை, மருந்துக்கு இருக்கிறது.

தனபால்: என்ன இருந்தாலும் ஊர்க்காரர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் அக்கா. கிணற்றடியில் பாம்பு, வைக்கோல் போரில் பாம்பு, கூரையில் பாம்பு. யாரும் பயப்படுவதில்லை. புற்றுக்குப் பால் ஊற்றுகிறார்கள். பாம்போடு வாழப் பழக வேண்டும். அதுதான் இயற்கை.

பாக்கியம்: பாம்பு பால் குடிக்காது. புற்றுதான் குடிக்கும். அதே இந்தியாவில் பாம்புக் கடியில் மட்டும் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் சாகிறார்கள். 2000 முதல் 2019 வரைக்கும் கணக்குப் பார்த்துச் சொன்னது. அது குழுவில் வந்ததா?

தனபால்: அது... வேறு குழுவில் வந்திருக்கும்.

பாக்கியம்: பாதிக்கு மேல் வயல்காட்டு ஜனம். கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவனைக் கடித்தால் பல நேரம் கடித்ததே தெரியாது. விடியும்போது கண் இமை தூக்க முடியாமல் கிடப்பான். கட்டிலில் படு, இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படு, இருட்டில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதே. உன் சித்தப்பா இதை எழுதியிருக்கிறாரா?

தனபால்: உப்பு, பூண்டு, கந்தகம் மூன்றையும் வீட்டைச் சுற்றிப் போடச் சொல்லி எழுதியிருக்கிறார்.

பாக்கியம்: கூடக் கொஞ்சம் மிளகைத் தட்டிப் போட்டால் ரசம். பாம்பு அதைத் தாண்டித்தான் வரும்.

தனபால்: சரி விடுங்கள். உங்கள் வீட்டு எண் 37தானே? பாம்பு எத்தனை அடி இருக்கும்?

பாக்கியம்: நாலு அடி. எதற்கு?

தனபால்: மூன்று, ஏழு, நாலு. நாலு நம்பர் லாட்டரிக்கு இன்னும் ஒரு எண் வேண்டும்.

பாக்கியம்: உன் மூளையைப் போட்டுக்கொள். பூஜ்யம்.

தனபால்: (எழுதிக்கொள்கிறார்) 3740! நல்ல நம்பர் அக்கா. சாயங்காலம் இரண்டு ரிங்கிட்டுக்குப் போட்டுவிடுகிறேன். பாம்பு வீடு தேடி வந்தால் சும்மா விடக் கூடாது.

பாக்கியம்: வீட்டு எண்ணை மாற்றிக்கொள். பாம்பு என் வீட்டில் இல்லை.

தனபால்: அப்புறம்?

பாக்கியம்: உன் வீட்டில். அதோ, உனக்குப் பின்னால். பழைய தகரம், நாலு டயர், கதவில்லாத அலமாரி, ஓடாத சலவை எந்திரம். அந்தத் தகரத்துக்கு அடியில் போனது.

(தனபால் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். சிலிப்பர் ஒன்று அந்தப் பக்கம்.)

தனபால்: தீயணைப்புப் பொம்பாவைக் கூப்பிடுங்கள் அக்கா! 999!

பாக்கியம்: கத்தக் கூடாது. கையை ஆட்டக் கூடாது.

தனபால்: அக்கா!

பாக்கியம்: பாம்போடு வாழப் பழக வேண்டும், தம்பி. கண்ணாடிகூடப் போடவில்லை, பாவம்.

தனபால்: முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

பாக்கியம்: வாயைத் திறந்தேன். தேனி பேசிக்கொண்டிருந்தது. பயப்படாதே, உன்னைக் கூப்பிடுவதற்கு முன்பே பொம்பாவைக் கூப்பிட்டுவிட்டேன்.

தனபால்: இத்தனை வருஷமாக வராதது இப்போது ஏன் வருகிறது?

பாக்கியம்: எலிக்கு. உன் அலமாரிக்குள் எலி குடும்பம் நடத்துகிறது. எண்ணெய்க்கு நட்ட செம்பனைப் பழத்தை எலி தின்கிறது என்று தோட்டத்தில் கூகைக்குப் பெட்டி கட்டி வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? கூகை எலியைப் பிடித்தது, பாம்பும் பிடித்தது. அப்புறம் தோட்டத்தை விற்றார்கள். மரம் போச்சு, பெட்டி போச்சு, கூகை போச்சு. பாம்பு எங்கே போகும்? லயத்தில் இருந்த நமக்காவது காலி பண்ணச் சொல்லி ஒரு காகிதம் வந்தது. அதற்கு நேரே புல்டோசர்.

தனபால்: நமக்கும் புல்டோசர்தானே வந்தது அக்கா? காகிதம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மா அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை எடுக்கக்கூட விடவில்லை.

பாக்கியம்: ஆமாம். அந்தப் பதிவை மட்டும் எந்தக் குழுவிலும் யாரும் போடுவதில்லை.

(பொம்பா வண்டி வந்து நிற்கிறது. இறங்கிய இரண்டு பேரும் கண்ணை மூடுகிற பெரிய கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.)

பாக்கியம்: பார்த்தாயா, கண்ணாடி போட வேண்டியவர்கள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

(ஒருவர் தகரத்தைத் தூக்குகிறார். மற்றவர் நீளக் கிடுக்கியால் பிடித்துச் சாக்கில் இறக்கிவிடுகிறார். தனபால் கைப்பேசியில் படமெடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்தக் குப்பையை அள்ளாவிட்டால் அடுத்ததும் வரும் என்று மலாயில் அதட்டிவிட்டுப் போகிறார்கள்.)

தனபால்: அக்கா, வண்டி நம்பரைப் பார்த்தீர்களா?

பாக்கியம்: நான் பாம்பைப் பார்த்தேன்.

தனபால்: ச்சே. 3740-ஐவிட அது ராசியான நம்பராக இருந்திருக்கும்.

பாக்கியம்: அது கிடக்கட்டும். பழைய இரும்பு வாங்குகிற லாரி நாளைக்குக் காலையில் கத்திக்கொண்டு வரும். அந்தச் சலவை எந்திரத்தை முதலில் தூக்கிக் கொடு.

தனபால்: ஐயோ, வேணாம் அக்கா. மோட்டார் இன்னும் நன்றாக இருக்கிறது. இருக்கட்டும், உதவும்.

பாக்கியம்: யாருக்கு?